ஓட்டுவது எளிது, கதவைத் திறப்பதுதான் கஷ்டம்

கேள்வி: வணக்கமுங்க டாக்டர். திருப்பூரில் பனியன் ஜாப் ஒர்க் செய்கிறேன். சரக்கு விஷயமாக ஆம்னியில் கோவை, பொள்ளாச்சி, தாராபுரம் என்று அடிக்கடி போக வேண்டியிருக்கும். கோவைப் பக்கம் ஒரு நாய் காப்பகத்தில், தத்துக் கொடுக்கும் நாய்களைப் புது வீட்டில் கொண்டுபோய் விட ஆள் தேடினார்கள். போகிற வழிதானே என்று ஒத்துக்கொண்டேன். முதல் சவாரியே சரியில்லைங்க. தாராபுரத்துக்குப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு ஒரு பெட்டை நாய். வழி நெடுக வாந்தி. இறக்கியதும் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. தோட்டக்காரர் முகமே சுருங்கிவிட்டது. மறுநாள் பொழுதோட வேலியில் புகுந்து ஓடிவிட்டது. நாலாம் நாள்தான் கிடைத்தது. இப்போது மறுபடி காப்பகத்தில் இருக்கிறது. என் மேல் தப்பா? வீட்டில் வேறு, "கடி வாங்கிட்டு வந்தா யாரு பார்க்கறது, வண்டியெல்லாம் நாத்தம்" என்று திட்டு. கையில் காகிதம் ஏதாவது வேண்டுமா? அடுத்த ஞாயிறு ஆனைமலைப் பக்கம் ஒரு தாய் நாய், அதன் இரண்டு குட்டிகள், கூடவே ஒரு பெரிய ஆண் நாய், எல்லாவற்றையும் ஒரே சவாரியில் கொண்டுபோகச் சொல்கிறார்கள். போகலாமா?

பதில்: உங்கள் மேல் தப்பு இல்லைங்க. வாந்திக்குக் காப்பகத்துச் சோறு காரணமாக இருக்கும், ஓடியதற்கு வேலி காரணம். ஆனால் இரண்டையும் முன்கூட்டியே பார்த்திருக்கக்கூடிய ஒரே ஆள் நீங்கள்தான். காப்பகத்துக்காரர்கள் அந்தத் தோட்டத்தைப் போட்டோவில் பார்த்திருப்பார்கள். தோட்டக்காரர் அந்த நாயைப் போட்டோவில் பார்த்திருப்பார். இரண்டு பக்கத்தையும் நேரில் பார்ப்பவர் வண்டி ஓட்டுபவர் மட்டும். அதனால் "நான் டிரைவர்தானே" என்று ஒதுங்காதீர்கள். போன இடம் சரிப்படாது என்று தோன்றினால் நாயை இறக்காமல் அப்படியே திருப்பிக் கொண்டுவருவேன் என்று காப்பகத்தில் முதலிலேயே பேசிவிடுங்கள். அதற்கு அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லையென்றால் அந்தக் காப்பகத்துக்கு ஓட்ட வேண்டாம்.

வாந்தியை முதலில் முடித்துவிடலாம். ஊருக்குப் போகிற பிள்ளைக்குப் போடுவதுபோல வயிறு நிறையப் போட்டு அனுப்புவது காப்பகங்களில் வழக்கம். பாசம்தான், ஆனால் அது முழுக்க உங்கள் சீட்டில் வந்துவிடும். வளர்ந்த நாய்க்கு முந்தின நாள் இரவு சாப்பாடு, காலையில் தண்ணீர் மட்டும் போதும். சின்னக் குட்டிகளை அப்படிப் பட்டினி போடக்கூடாது; சர்க்கரை இறங்கித் துவண்டுவிடும். கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்னால் கொஞ்சம் கொடுத்தால் சரி. வாந்தி வருவதற்கு முன்னால் நாய் சொல்லிவிடும்: அடிக்கடி கொட்டாவி விடும், உதட்டை நக்கும், அப்புறம் எச்சில் கயிறாக ஒழுகும். அப்போதே வேகத்தைக் குறைத்து ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள். தூரம் அதிகமென்றால், அல்லது வால்பாறை மாதிரி நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டுமென்றால், வாந்தியை நிறுத்தும் மாத்திரையை நாயின் எடையைப் பார்த்து டாக்டரிடம் எழுதி வாங்கச் சொல்லுங்கள். மெடிக்கல் ஷாப்பில் மனிதருக்கு வாங்குவதைப் பாதி உடைத்துக் கொடுக்கும் வேலை வேண்டாம். தூக்க மருந்தும் வேண்டாம். அரை மயக்கத்தில் இருக்கும் நாயால் வளைவில் உடம்பைத் தாங்கிப் பிடிக்க முடியாது, மூச்சிரைத்து உடல் சூட்டை வெளியேற்றவும் முடியாது.

நாயைக் கூண்டில்தான் கொண்டுபோக வேண்டும். மடியில், சீட்டில், காலடியில் எல்லாம் கூடாது. கூண்டில் நாய் எழுந்து நிற்கவும் திரும்பிப் படுக்கவும் இடம் இருக்க வேண்டும். அதற்கு மேல் பெரிதாக இருந்தால் பிரேக் போடும்போது உள்ளேயே உருளும். ஆம்னியில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருப்பது உங்களுக்குத் தெரியும். அந்தச் சூடு படாத மாதிரி கூண்டைப் பின்னால் தள்ளி வைத்து, நைலான் கயிற்றால் இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டுங்கள். அடியில் செய்தித்தாள், மேலே துணி. திருப்பூர்க்காரருக்குப் பனியன் வேஸ்ட்டுக்கா பஞ்சம் என்று நீங்கள் நினைப்பது கேட்கிறது. கழிவு மூட்டையிலிருந்து கை போன போக்கில் அள்ளிப் போடாதீர்கள். ஓரம் பிரிந்து நூலாக உரிகிற துண்டைக் குட்டி மென்று விழுங்கிவிடும். அந்த நூல் குடலை ஓரிடத்தில் பிடித்துச் சுருக்கி, போகப் போக அறுத்தே விடும். ஆபரேஷன் டேபிளில் நூல் சிக்கிய குடலைப் பிரித்தெடுப்பது எங்களுக்கே பிடிக்காத வேலை. ஓரம் மடித்துத் தைத்த பழைய பெட்ஷீட், முழு டவல் இருந்தால் அது போதும்.

இனி கதவு விஷயத்துக்கு வருகிறேன். நாய் தொலைவது ரோட்டில் ஓடும்போது இல்லை. ஏற்றும்போதும் இறக்கும்போதும்தான். ஆம்னியின் தள்ளுக்கதவு ஒரே இழுப்பில் முழுக்கத் திறந்துகொள்ளும். பயந்த நாய்க்கு அந்த ஒரு நொடி போதும். காப்பகத்தில் ஏற்றும்போது வெளிக்கேட் சாத்தியிருக்கிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள். வண்டியை உள்ளே நிறுத்தி எஞ்சினை அணைத்த பிறகுதான் நாயைக் கொண்டுவரச் சொல்ல வேண்டும். கழுத்துப் பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும், மூன்றாவது நுழையக்கூடாது. நம்ம நாட்டு நாய்களுக்குத் தலை ஒடுக்கம், கழுத்தும் தலையும் ஏறக்குறைய ஒரே சுற்றளவு. பின்னால் இழுத்தால் பட்டை காது வழியாகக் கழன்று வந்துவிடும். அதனால் பட்டையில் ஒரு கயிறு, நெஞ்சோடு மாட்டும் ஹார்னஸில் இன்னொரு கயிறு. இரண்டையும் கையில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடியுங்கள். கிளம்பும் முன் பட்டையின் மேல் மார்க்கர் பேனாவால் காப்பகத்தின் போன் நம்பரை எழுதுங்கள். பைசா செலவில்லை. ஓடிப்போன நாய் வீடு திரும்ப இதைவிட உதவுவது வேறு எதுவும் இல்லை.

போகும் வழியில் டீக்கடையில் நிறுத்தினால் நீங்கள் டீ குடியுங்கள், கூண்டைத் திறக்காதீர்கள். பண்ணாரி தாண்டித் திம்பம் மலைப்பாதையில் போக நேர்ந்தால் நிறுத்தவே நிறுத்தாதீர்கள். அது புலிகள் காப்பகம். இரவில் வண்டி போகத் தடையும் இருக்கிறது.

போய்ச் சேர்ந்த இடத்திலும் அதே முறைதான். கேட் இருந்தால் கேட்டைச் சாத்திவிட்டு, இல்லாவிட்டால் கூண்டோடு தூக்கி வீட்டுக்குள் ஒரு அறையில் வைத்து, அந்த அறைக்கதவைச் சாத்திய பிறகு கூண்டைத் திறக்க வேண்டும். திறந்துவிட்டுத் தள்ளி உட்காருங்கள். தானாக வரட்டும். உங்கள் நாய் வண்டிக்கு அடியில் படுத்ததில் அதிசயம் ஒன்றும் இல்லை. காப்பகத்து வாசனை, கூட இருந்த நாய்கள், சோறு போட்ட ஆள் எல்லாம் ஒரே காலையில் காணாமல் போயிருக்கிறது. ஒளிய இடம் தேடத்தான் செய்யும். அதைப் பிடித்து இழுத்தால்தான் கடி விழும்.

தோட்டக்காரர் முகம் சுருங்கியதற்கு மருந்து, முந்தின நாளே போட வேண்டிய ஒரு போன். "அண்ணா, நாளைக்கு நாய் வரும். வந்ததும் வாலாட்டாது, சோறும் தின்னாது, மூலையில் படுத்துக்கும். ரெண்டு நாளைக்கு யாரும் போய்க் கொஞ்ச வேண்டாம். ஒறம்பரை சனங்களைக் கூட்டிவைக்க வேண்டாம்." இவ்வளவு சொன்னால் போதும். நாய் வருகிறதென்று பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள் வரை கூடி நின்று கைதட்டி வரவேற்கும் வீடுகள் இருக்கின்றன. நல்ல மனசுதான். நாய் மிரண்டு வேலிக்கு ஓடுவதும் அந்தக் கைதட்டலில்தான்.

வேலி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். தாராபுரம், காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் கொறங்காடுகளை, அதாவது மேய்ச்சல் நிலங்களைச் சுற்றிக் கிளுவைச் செடி வேலிதான். தலைமுறையாக வளர்ந்த வேலி, மாடு தாண்டாது, ஆடு தாண்டாது. ஆனால் கிளுவைக்கு அடிப்பக்கம் கொப்பு குறைவு. தரையோடு ஒட்டிய இடுக்கில் நாய் சுலபமாக நுழைந்துவிடும். "சுத்தியும் வேலி இருக்குதுங்க" என்று தோட்டக்காரர் சொன்னது பொய்யில்லை. அவர் ஆட்டுக்குக் கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கிறார், நாய்க்கு இல்லை. இனிமேல் நீங்கள் வேலியின் தலையைப் பார்க்காமல் காலைப் பாருங்கள். முதல் இரண்டு வாரம் நாய் வீட்டுக்குள் அல்லது நீளக் கயிற்றில்தான் இருக்க வேண்டும் என்று அழுத்திச் சொல்லிவிட்டு வாருங்கள்.

அந்தப் பக்கத்துக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், ஆடு. காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலை வட்டாரத்தில் நாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொல்வது சில வருடங்களாகப் பெரிய பிரச்சினை. விவசாயிகள் செத்த ஆடுகளை ரோட்டில் போட்டு மறியல் செய்யும் அளவுக்குப் போயிருக்கிறது. அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஒரே இரவில் பத்துப் பன்னிரண்டு செம்மறி போனால் அந்தக் குடும்பத்துக்கு அது ஒரு வருடச் சேமிப்பு. அந்தச் சூழ்நிலையில் ஊருக்குப் புதிதாக, யாருக்கும் அடையாளம் தெரியாத ஒரு நாய் கொறங்காட்டில் திரிந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. உங்கள் நாய் நாலாம் நாள் உயிரோடு கிடைத்தது அதிர்ஷ்டம்தான். ஆடு வைத்திருக்கும் தோட்டத்துக்கு நாய் போகிறது என்றால், இது இதுவரை ஆட்டைப் பார்த்திருக்கிறதா, பார்த்தால் என்ன செய்கிறது என்று காப்பகத்தில் கேளுங்கள். தெரியாது என்று சொன்னால் அந்த நாய் ஆடு இல்லாத வீட்டுக்குப் போகட்டும். என்னைக் கேட்டால் அந்தப் பெட்டை நாயை மறுபடியும் தோட்டத்துக்கு அனுப்பவே வேண்டாம். கேட்டும் மதில் சுவரும் உள்ள டவுன் வீடு பாருங்கள் என்று சொல்லுங்கள்.

ஒருவேளை நாய் மறுபடி ஓடினால் துரத்தாதீர்கள், பேர் சொல்லிக் கத்தாதீர்கள். துரத்தினால் இன்னும் ஒரு மைல் தள்ளிப் போகும். கூண்டில் விரித்திருந்த துணியை ஓடிய இடத்திலேயே போட்டுவிட்டு, பக்கத்தில் கொஞ்சம் வாசனையான சோறு வையுங்கள். வெடியக்காலமும் பொழுது சாயும்போதும் போய்ச் சத்தமில்லாமல் உட்கார்ந்து பாருங்கள். அப்படியே சுற்றுவட்டாரத்தில் ஆடு மேய்ப்பவர்களுக்கு முதலில் தகவல் சொல்லிவிடுங்கள். அவர்கள் கண்ணில் படாமல் அங்கே எதுவும் நடமாட முடியாது. சொல்லிவைத்தால் கல்லெறிய மாட்டார்கள், போன் செய்வார்கள்.

வெயிலைப் பற்றிச் சுருக்கமாக. கரூர், ஈரோடு பக்கம் சித்திரையில் 40 டிகிரியைத் தொடுவது சாதாரணம். மூடிய வண்டி வெயிலில் நின்றால் பத்து நிமிடத்தில் உள்ளே பத்து டிகிரி வரை ஏறிவிடும். மாசியிலிருந்து வைகாசி வரை விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பி ஒன்பதுக்குள் சேர்ந்துவிட வேண்டும். அது முடியாதென்றால் அன்றைக்குச் சவாரி இல்லை. நாயின் இயல்பான உடல் சூடே 101 முதல் 102.5 பாரன்ஹீட் வரை இருக்கும். நாக்கு நீண்டு, எச்சில் பசையாகி, ஈறு செங்கல் நிறத்துக்குப் போய், நடை தள்ளாடினால் அது வெப்பத் தாக்கு. சாதாரணத் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றிக் காற்றுப் படும்படி வைத்து, அருகில் உள்ள டாக்டரிடம் போங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம். பக் மாதிரி மூக்குச் சப்பையான நாயை ஏசி இல்லாத ஆம்னியில் கோடையில் ஏற்றவே ஏற்றாதீர்கள்.

காகிதம் கேட்டீர்கள். கட்டாயம் வேண்டும். 1978-ஆம் ஆண்டு விலங்குகள் போக்குவரத்து விதிகளின்படி, நாயோ பூனையோ பயணத்துக்குத் தகுதியாக இருக்கிறது, தொற்று நோய் அறிகுறி இல்லை என்று கால்நடை மருத்துவர் கொடுத்த சான்றிதழ் கூடவே வர வேண்டும். அதோடு தடுப்பூசி அட்டை, கருத்தடை செய்ததற்கான சீட்டு, தத்து எடுப்பவர் கையெழுத்துப் போட்ட படிவத்தின் நகல், உங்களை அனுப்புவதாகக் காப்பகம் கொடுக்கும் ஒரு கடிதம். எல்லாவற்றையும் ஒரு பைலில் போட்டு வண்டியில் வையுங்கள். வாளையாறு தாண்டிப் பாலக்காடு போவதாக இருந்தால் இது இல்லாமல் கிளம்பவே வேண்டாம்.

இன்னொன்று. "அப்படியே எங்க தெரு நாயையும் ஏத்திட்டுப் போய் எங்கேயாவது விட்டுடுங்க" என்று வழியில் யாராவது கேட்பார்கள். கண்டிப்பாகக் கேட்பார்கள். முடியாது என்று சொல்லிவிடுங்கள். 2023-ஆம் ஆண்டு விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிப்படி தெரு நாயைக் கருத்தடையும் தடுப்பூசியும் முடித்துப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். வேறு ஊரில் கொண்டுபோய் விடக்கூடாது. தத்தெடுப்பது வேறு கணக்கு. தத்தெடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது எடுத்தவர் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22 உத்தரவில் சொல்லியிருக்கிறது. தோட்டக்காரரிடம் இதையும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். பெட்ரோல் காசு கொடுத்தால் வாங்கிக்கொள்வது உங்கள் விருப்பம். ஆனால் சவாரிக்கு இவ்வளவு என்று வாடகை பேசாதீர்கள். வெள்ளை போர்டு வண்டியில் வாடகை வாங்கினால், நாளைக்கு ஏதாவது ஆனபிறகு இன்சூரன்ஸ்காரர் கை விரித்துவிடுவார்.

வீட்டில் திட்டுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அந்த அம்மணி சொல்வதில் பாதி முழுக்க நியாயம். முன்பின் தெரியாத நாய்களைத் தொடர்ந்து கையாளப் போகிறீர்கள் என்றால், கடி வாங்கும் முன்னாலேயே ரேபிஸ் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். மூன்று ஊசி, ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும். அப்புறம் கடி பட்டாலும் அன்றைக்கு ஒன்று, மூன்றாம் நாள் ஒன்று என்று இரண்டோடு போய்விடும். ஊசி போட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் கடித்த இடத்தை உடனே ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதையும் அப்பக்கூடாது. நேராக அரசு ஆஸ்பத்திரி. வண்டியில் ஒரு சோப்பும் ஐந்து லிட்டர் தண்ணீர் கேனும் எப்போதும் இருக்கட்டும்.

நாத்தம் பிரச்சினைக்கும் வழி இருக்கிறது, அதை நாத்தத்துக்காக மட்டும் செய்யாதீர்கள். குட்டிகளைக் கொல்லும் பார்வோ கிருமி வண்டித் தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சாதாரண பினாயிலுக்கு அது சாகாது. முதலில் அழுக்கைச் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவிவிட்டு, ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து கூண்டிலும் தரையிலும் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள். வீட்டில் உங்களுக்கே நாய் இருந்தால், சவாரி முடிந்து வந்ததும் கை கால் கழுவி வேட்டி சட்டை மாற்றிக்கொண்ட பிறகு அதன் பக்கம் போங்கள். உண்ணியும் அப்படித்தான் வீட்டுக்கு வருகிறது.

கடைசியாக ஞாயிற்றுக்கிழமை. நாலையும் ஒரே சவாரியில் கொண்டுபோகாதீர்கள். பால் மறக்காத குட்டிகளைத் தாயோடு அல்லாமல் வேறு பெரிய நாயோடு ஏற்றக்கூடாது என்பது நான் சொன்ன அதே விதிகளில் இருக்கிறது. விதி இல்லாவிட்டாலும், குட்டி வைத்திருக்கும் தாய்க்குப் பக்கத்துக் கூண்டில் ஒரு ஆண் நாயை வைத்தால் ஆனைமலை வரைக்கும் குலைப்புச் சத்தத்தில் உங்களால் ஓட்ட முடியாது. தாயும் குட்டிகளும் ஒரே வீட்டுக்குத்தான் போகின்றனவா என்று கேளுங்கள். பிரித்துக் கொடுப்பதாக இருந்தால் குட்டிகளுக்கு எட்டு வாரமாவது ஆகியிருக்க வேண்டும், முதல் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். ஆகவில்லையென்றால் அந்தச் சவாரியைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள், ஒன்றும் குடி முழுகாது. எல்லாம் சரியாக இருந்தால் தாயையும் குட்டிகளையும் ஒரே பெரிய கூண்டில் வைத்து, மூன்று பக்கம் துணியால் மூடி, இந்த வாரம் கொண்டுபோங்கள். ஆண் நாய்க்கு இன்னொரு நாள்.

கிளம்பும் முன் நாய்கள் போகும் இடம் ஆனைமலை ஊருக்குள்ளா, இல்லை சேத்துமடை, ஆழியாறு பக்கம் மலையை ஒட்டியா என்று கேட்டுவிடுங்கள். மலையோரம் என்றால் சிறுத்தை வரும் இடம். இரவில் சாளைக்கு, அதாவது தோட்டத்து வீட்டுக்கு வெளியே கட்டிப்போட்ட நாயைத்தான் அது முதலில் தூக்கும். ராத்திரி நாய் எங்கே படுக்கும் என்று கேளுங்கள். "தென்னை மரத்துல கட்டிப்போட்டிருவோமுங்க" என்று பதில் வந்தால் காப்பகத்துக்குச் சொல்லி, கதவு வைத்த அறையோ கம்பி வலைக் கூண்டோ தயாராகும் வரை அனுப்ப வேண்டாம் என்று நிறுத்துங்கள். அது தயாரானதும் போட்டோ வாங்கிப் பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.